புளியமரப் பொந்தின் வயது

கூடலூரில் தொடங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிக்கு வரும் சாலையில் புளியமரங்களைப் பார்த்திருப்பீர்கள். சாலையை அகலப்படுத்தியபோது போனவை போக, மிஞ்சியவை அங்கங்கே நிற்கின்றன. அடிமரத்தில் வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் அடித்து, நெடுஞ்சாலைத் துறை ஓர் எண்ணும் எழுதியிருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்க நேர்ந்தால், வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கிழட்டு மரமாக இருந்தால் எங்காவது ஒரு பொந்து இருக்கும். சிலவற்றில் கை நுழையும். சிலவற்றில் ஒரு சின்னப் பையனே நுழைந்துகொள்ளலாம்.

அந்தப் பொந்தைத் தோண்டியது யார்? கிளி என்பீர்கள். மரங்கொத்தி, கறையான் என்றும் சொல்வீர்கள். இவர்கள் எல்லாரும் பின்னால் குடிவந்தவர்கள். முதலில் வேலையைத் தொடங்கியது பூஞ்சை.

பூஞ்சை என்றதும் நமக்குக் காளான் நினைவுக்கு வரும். ஆனால் காளான் பூஞ்சையின் முழு உடம்பு அல்ல. மாமரத்துக்கு மாங்காய் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. வித்துகளை வெளியே அனுப்புவதற்காக அது காய்க்கும் காய் அது. உடம்பு முழுக்க மரத்துக்குள் ஒளிந்திருக்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக அது மரக்கட்டைக்குள் ஊடுருவிப் போகும். அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நாம் சோற்றை உள்ளே தள்ளிச் செரிக்கிறோம். பூஞ்சையோ செரிமான நொதிகளை வெளியே கசியவிட்டு, கட்டையை அது இருக்கும் இடத்திலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொரு சங்கதி. பூஞ்சை தாவரம் இல்லை. அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின் என்ற பொருள். நண்டின் ஓட்டிலும் வண்டின் முதுகிலும் இருப்பது அதே கைட்டின்தான். உயிர்களின் வம்சாவளியில் பூஞ்சைக்கு நெருங்கிய உறவு செடிகொடிகள் அல்ல, விலங்குகள். அதாவது நாமும்தான்.

மரக்கட்டையைத் தின்பது லேசான வேலை இல்லை. கட்டையில் முக்கியமாக இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று செல்லுலோஸ். காகிதம் முழுக்க அதுதான். இன்னொன்று லிக்னின். செல்லுலோஸ் இழைகளை இறுக்கிப் பிடித்து, மரத்துக்குக் கெட்டித்தன்மை தருவது இது. லிக்னினை முழுசாக உடைக்கத் தெரிந்த உயிர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அந்தக் கலையில் தேர்ந்தவை சில வகைப் பூஞ்சைகள். அவை தின்றுவிட்டுப் போன கட்டை வெளுத்து, நார் நாராக, பஞ்சு போல மெத்தென்று ஆகிவிடும். இதற்கு வெள்ளை அழுகல் என்று பெயர். வேறு சில பூஞ்சைகள் செல்லுலோஸை மட்டும் தின்றுவிட்டு லிக்னினை விட்டுவைக்கும். அப்போது கட்டை பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். இது பழுப்பு அழுகல். உளுத்துப்போன கட்டை கையில் கிடைத்தால் நாராகப் பிரிகிறதா, பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். யார் தின்றார்கள் என்பதற்குப் பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

புளியமரத்தின் அடியில், வேரும் தண்டும் சேரும் இடத்தில், அரைவட்டத் தட்டுப்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே செம்பழுப்பு, வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு, விளிம்பில் வெள்ளைக் கோடு. தட்டிப் பார்த்தால் கட்டைபோல் கெட்டியாக இருக்கும். இவை கானோடெர்மா என்ற பூஞ்சைக் குடும்பம். தட்டின் அடிப்பக்கம் ஊசி முனையளவு துளைகள். அந்தத் துளைகளிலிருந்துதான் வித்துகள் உதிரும். அடியில் இருக்கும் செடியின் இலைகளில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு தூசி படிந்திருந்தால் அது வித்துத்தூள். இந்தக் குடும்பத்தில் பெரிய தட்டு ஒன்று ஒரு நாளில் 3,000 கோடி வித்துகள்வரை உதிர்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம்!

இத்தனை கோடி வித்துகள் காற்றில் அலைந்தால் ஒரு மரமாவது எப்படித் தப்பும்? பட்டை இருக்கிறதே. முழுசாக இருக்கும் பட்டையை மரம் தின்னும் பூஞ்சைகள் பெரும்பாலும் தாண்டுவதில்லை. அவற்றுக்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறந்து கொடுப்பவர்கள் அநேகமாக நாம்தான். லாரி உரசிய இடம், விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, அடியில் குப்பையைக் கொளுத்தியதால் வெந்துபோன பட்டை, மின்கம்பிக்காகக் கண்டபடி வெட்டிய கிளை, குழாய் பதிக்கத் தோண்டியபோது அறுபட்ட வேர் என்று வாசல்கள் பல.

இனிமேல்தான் கதையே இருக்கிறது. நமக்கு முழங்காலில் அடிபட்டால் என்ன ஆகிறது? செத்துப்போன செல்களை உடம்பு அப்புறப்படுத்தி, அதே இடத்தில் புதுச் செல்களை வைக்கிறது. சில வாரங்களில் தழும்பு மட்டும் மிஞ்சும். மரத்துக்கு அந்த வித்தை தெரியாது. காயம்பட்ட கட்டையை மரத்தால் ஒருபோதும் புதுப்பிக்க முடியாது. பத்து வயதில் பட்ட காயம், மரத்துக்கு நூறு வயதானாலும் உள்ளே அப்படியே இருக்கும்.

இதை உலகத்துக்குப் புரியவைத்தவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்கர். 1930-இல் பிறந்தவர். 1959-இல் அமெரிக்க வனத் துறையில் மர நோய் ஆய்வாளராகச் சேர்ந்தார். அதற்கு முன்பெல்லாம் அழுகலை ஆராய்பவர்கள் பெரும்பாலும் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்த்தார்கள். ஒரே ஆள் தூக்கக்கூடிய சங்கிலி ரம்பம் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. ஷைகோ அதை வாங்கி மரங்களை நெடுக்காகப் பிளந்தார். ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கான மரங்கள். உள்ளே அழுகல் கண்டபடி பரவியிருக்கவில்லை. எங்கோ ஓர் எல்லையில் கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது. மரம் காயத்தை ஆற்றவில்லை. சுவர் எழுப்பி அடைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. 1977-இல் இந்தக் கருத்தைப் படங்களோடு வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க மரம் பராமரிப்பவர்கள் படிக்கும் முதல் பாடம் இதுதான்.

சுவர்கள் நான்கு. தண்ணீர் ஏறும் நுண்குழாய்களை மேலும் கீழும் அடைத்துக்கொள்வது ஒரு சுவர். குழாய்கள் நீளமானவை, அதனால் இது இருப்பதிலேயே சோப்ளாங்கி. அழுகல் நெடுக்காகச் சுலபமாக ஓடுவது இதனால்தான். மரத்தின் மையத்தை நோக்கிப் போகவிடாமல் தடுப்பது இரண்டாவது. பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கும் கட்டைக்குள் அவசரமாகப் போடும் தடுப்புகள். நான்காவது சுவர் வேறு மாதிரி. பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்று மிக மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. மரம் பருப்பது அதனால்தான். காயம் பட்டதும் அந்தக் கேம்பியம் ஒரு சிறப்பான செல் அடுக்கை உண்டாக்குகிறது. அதற்கு வெளியே வளரும் கட்டை எல்லாம் புதுசு. பழைய கட்டையில் இருக்கும் பூஞ்சை இந்தச் சுவரைத் தாண்டிப் புதுக் கட்டைக்குள் வருவது ரொம்பக் கடினம். சில முரட்டுப் பூஞ்சைகள் உடைத்துக்கொண்டு வருவதும் உண்டு, ஆனால் பெரும்பாலும் சுவர் நிற்கும்.

இப்போது புளியமரத்துக்குத் திரும்புவோம். ஒரு பொந்து முக்கால் அடி அகலம் என்று வையுங்கள். காயம் பட்ட நாளில் அந்த மரம் எவ்வளவு பருமனாக இருந்திருக்கும்? பூஞ்சை நான்காவது சுவரைத் தாண்டவில்லை என்றால், அந்த நாளில் இருந்த கட்டையைத்தான் அது தின்றிருக்க முடியும். ஆகவே மரம் அப்போதே குறைந்தது முக்கால் அடி பருமன் இருந்திருக்க வேண்டும். சுற்றிலும் இருக்கும் நல்ல கட்டை, அதற்குப் பிறகு வளர்ந்தது. பொந்தைப் பார்த்தே, மரம் எந்தப் பருவத்தில் அடிபட்டது என்று ஊகிக்கலாம்.

இதோடு ஒரு கொசுறு. உங்கள் உயரத்தில் இன்று ஒரு மரத்தில் ஆணி இருந்தால், இருபது வருடம் கழித்தும் அது அதே உயரத்தில்தான் இருக்கும். மரம் உயர்வது கிளைகளின் நுனியில். தண்டு பக்கவாட்டில் பருக்க மட்டும் செய்யும். ஆணி மேலே போகாது, உள்ளே போகும். பருத்து வரும் கட்டை அதை மெல்ல விழுங்கிவிடும்.

பொந்து விழுந்தால் மரம் செத்துவிடுமா? இல்லை. பெரிய மரத்தின் நடுவில் இருப்பது வைரம். தச்சர்கள் தேடுவது அதைத்தான். வைரக்கட்டையில் உயிருள்ள செல்கள் கிடையாது, தண்ணீரும் ஓடாது. தண்ணீர் ஓடுவது அதைச் சுற்றியிருக்கும் சாற்றுக்கட்டையில். நடுவை முழுசாகத் தின்றுவிட்டாலும் புளியமரம் வழக்கம்போலத் துளிர்க்கும், காய்க்கும், ஏலத்தில் போகும்.

சரி, காற்றில் விழுந்துவிடாதா? இது நல்ல கேள்வி. தண்டு வளையும்போது அழுத்தம் அதிகம் விழுவது வெளி விளிம்பில். நடுப்பகுதி அவ்வளவாகச் சுமை தாங்குவதில்லை. மூங்கில் உள்ளே ஒன்றுமில்லாமலேதான் நிற்கிறது. ஜெர்மனியில் கிளாஸ் மாத்தெக் என்ற அறிஞர் ஒடிந்த மரங்களையும் நின்ற மரங்களையும் நிறைய அளந்து பார்த்து ஒரு விதி சொன்னார். தண்டின் ஆரத்தில் சுமார் 30 சதவீதமாவது நல்ல கட்டை சுற்றிலும் இருந்தால், உள்ளீடற்ற மரம் சாதாரணமாகத் தாங்கும். ஆரம் 50 சென்டிமீட்டர் என்றால் சுவர் 15 சென்டிமீட்டர். பொந்தின் வாய் எவ்வளவு பெரிசு, மேலே கிளைப் பாரம் எவ்வளவு, வேர் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விதியைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஆனால் அளக்காமலே வெட்டுவதைவிட அளந்துவிட்டு முடிவு செய்வது எவ்வளவோ மேல். மரச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பது பழைய முறை. நல்ல கட்டை 'டக்' என்னும். உள்ளே வெற்றிடம் இருந்தால் 'தொப்' என்று மந்தமாக ஒலிக்கும். இப்போது 3 மில்லிமீட்டர் தலையுள்ள நீள ஊசியைச் சுழற்றி உள்ளே செலுத்தி, எந்த ஆழத்தில் கட்டை மெத்தென்று ஆகிறது என்று வரைபடமாகக் காட்டும் கருவி இருக்கிறது. ஓசை அலைகளை அனுப்பி, மரத்தின் குறுக்கு வெட்டுப் படத்தையே எடுக்கும் கருவியும் உண்டு.

பொந்து விழுந்த மரம் எல்லாம் ஆபத்து என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே சமயம், உங்கள் பள்ளி வளாகத்து மரத்தின் அடியில் கானோடெர்மா தட்டு முளைத்திருந்தால் அதை லேசாக விடவும் கூடாது. நடுத்தண்டில் பொந்து என்பது ஒன்று. மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேர்ப்பக்கம் அழுகுவது வேறொன்று. பச்சைப் பசேல் என்று நிற்கும் மரம், வேர் போய்விட்டால் காற்றே இல்லாத நாளிலும் சாயும். தட்டைப் பார்த்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். தட்டைப் பிய்த்து எறிவதால் பயன் இல்லை. உடம்பு உள்ளே இருக்கிறது என்று முன்பே பார்த்தோம் அல்லவா?

மேகமலைப் பக்கம் பொந்துக்கு இருக்கும் மவுசே தனி. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆன காடு அது. அங்கே இருவாட்சிகள் இருக்கின்றன. பெரிய மஞ்சள் அலகும் அதன்மேல் தொப்பியும் வைத்த பறவை. அவ்வளவு பெரிய அலகு இருந்தும் அதற்கு மரத்தைக் குடைந்து வீடு கட்டத் தெரியாது. பூஞ்சை பல பத்தாண்டுகள் தின்று உண்டாக்கிய பொந்து, உயரமான மரத்தில், தன் உடம்பு கொள்ளும் அளவில் கிடைத்தால்தான் குடும்பம் நடத்தும். பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஓர் அலகு நுழையும் இடைவெளி மட்டும் இருக்கும். சேவல் மாதக்கணக்கில் அத்தியும் ஆலம்பழமும் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியே ஊட்டும். பூஞ்சை இல்லாவிட்டால் பொந்து இல்லை, பொந்து இல்லாவிட்டால் இருவாட்சிக் குஞ்சு இல்லை.

இதுவரை சொன்ன சுவர்க் கதை புளி, வேம்பு, மா, இலவம் போன்ற மரங்களுக்குப் பொருந்தும். தென்னைக்குப் பொருந்தாது! கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே திரும்பினாலும் தென்னந்தோப்பு, அதனால் இதைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னையில் கேம்பியம் கிடையாது. அது புல்லுக்கும் மூங்கிலுக்கும் உறவுக்காரன். புதுக் கட்டை வளர்த்துக் காயத்தை மூட அதற்கு வழியில்லை. நான்காவது சுவரும் இல்லை. ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, மரம் இருக்கும்வரை படியாகவே இருக்கும். பூஞ்சையும் வண்டும் அதையே வாசலாக்கிக்கொள்ளும்.

தென்னையையும் கானோடெர்மா விட்டுவைக்கவில்லை. அந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் என்று பெயர். 1952-இல் தஞ்சைப் பகுதியைப் புயல் தாக்கிய பிறகு அங்கே கவனத்துக்கு வந்ததால் அந்தப் பெயர். முதலில் வெளிவட்ட மட்டைகள் மஞ்சளாகித் தொங்கி, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் நிற்கும். அடித்தண்டில் விரிசல் விட்டு, செம்பழுப்பு நிறத்தில் சாறு வடியும். குரும்பை உதிரும். தட்டு முளைப்பது அநேகமாகக் கடைசியில். அது வெளியே தெரியும்போது மரத்தைக் காப்பாற்றும் காலம் கடந்திருக்கும். பூஞ்சை மண் வழியாகவும் வேர் வழியாகவும் பக்கத்து மரத்துக்குப் போகிறது. அதனால் செத்த மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்க வேண்டும். மற்ற மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். கூடவே டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையையும் மண்ணில் சேர்ப்பார்கள். இது பூஞ்சையைத் தின்னும் பூஞ்சை. மற்ற பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்துக்கொண்டு அதன் கைட்டின் சுவரைக் கரைக்கும். மரம் தின்பதையும் தின்ன ஆள் இருக்கிறது.

தோப்பில் மட்டை வாடினால் எல்லாவற்றுக்கும் பூஞ்சைமேல் பழி போட வேண்டாம். கேரளத்திலிருந்து மலை தாண்டி நம் பக்கம் வந்த வேர் வாடல் நோயில், ஓலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளையும். அதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். செல் சுவரே இல்லாத ஒரு வகை பாக்டீரியா அது. சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் தூக்கிச் செல்கின்றன. டிரைக்கோடெர்மா வைத்தால் அது போகாது.

அடுத்து மலைக்கு ஏறுவோம். விடியும் முன்பே கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆட்கள் போகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்தே யாராவது போகலாம். காய் பறிப்பவர்கள், களை எடுப்பவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். சிலர் மரம் ஏறுபவர்கள். ஏலம் நிழலில் வளரும் செடி. மேலே பெரிய மரங்கள் வேண்டும், ஆனால் ஒரேயடியாக இருட்டாகிவிடவும் கூடாது. தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் முன், மே மாத வாக்கில், இவர்கள் உயர உயர ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். கவாத்து என்பார்கள். எந்தக் கிளை போக வேண்டும், எது இருக்க வேண்டும், எந்தப் பக்கம் விழ வைத்தால் கீழே இருக்கும் செடிக்குச் சேதம் இல்லை என்று தரையிலிருந்தே கணக்குப் போடுவது பெரிய வித்தை. பள்ளிக்கூடத்தில் யாரும் இதைக் கற்றுத்தருவதில்லை. மூத்தவர் ஏறுவதைப் பார்த்து இளையவர் கற்கிறார்.

ஷைகோவின் பாடம் இங்கேதான் கைக்கு வரும். கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். அடியில் கொஞ்சம் புடைத்து, தோலில் சுருக்கம் விழுந்த மாதிரி ஒரு வளையம் தெரியும். அதுவரை இருப்பது தண்டின் கட்டை, அதற்கு அப்பால்தான் கிளை. அந்த வளையத்துக்குள் தடுப்புப் பொருள்கள் செறிந்த ஒரு பகுதி தயாராக இருக்கிறது. வளையத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் விரைவில் சுவர் எழுப்பி, சுற்றிலும் புதுக் கட்டை வளர்த்து மூடிவிடும். அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால், வளையம் போய்விடும், தண்டுக்கே காயம். ஒரு முழம் கட்டையை விட்டு வெட்டினாலும் தப்பு. அந்தக் கட்டை செத்து, பூஞ்சைக்கு ஏணியாகிவிடும். கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால் விழும்போது பட்டையை நெடுக உரித்துக்கொண்டு போகும். அதனால் முதலில் அடிப்பக்கம் பாதி, பிறகு சற்றுத் தள்ளி மேற்பக்கம், கிளை போன பிறகு மிச்சக் கட்டையை வளையத்தின் வெளியே என்று மூன்று வெட்டு.

வெட்டிய இடத்தில் தார் பூசுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். ஷைகோ இதையும் சோதித்துப் பார்த்து, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று சொன்னார். மரத்துக்கு அடித்த பெயின்ட் பார்ப்பவரின் மனத்துக்கு ஆறுதல், அவ்வளவுதான். நம் ஊர் மாந்தோப்புகளில் போர்டோ பசை பூசுவது வேறு கணக்கு. அது புதுக் காயத்தின் வழியே நோய்க் கிருமி நுழைவதைக் குறைக்கும் மருந்து.

போர்டோ என்றதும் திராட்சைப் பந்தல் நினைவுக்கு வர வேண்டுமே! சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி பக்கம் பந்தலுக்கு அடியில் நடந்தவர்களுக்கு அந்த நீலம் தெரியும். இலையில், காம்பில், கல்தூணில்கூட வெளிர் நீலப் பூச்சு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஓர் எதிரி, அடிச்சாம்பல் நோய். இலையின் மேல் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டு, அடியில் வெள்ளைப் பூசணம். மலையில் ஏலக்காயை மழைக்காலத்தில் அழுக வைக்கும் அழுகல் நோயும் இதே கூட்டத்தைச் சேர்ந்த கிருமியால் வருவதுதான்.

இவை பூஞ்சையா? பார்த்தால் பூஞ்சை. இழை இருக்கிறது, வித்து இருக்கிறது. ஆனால் செல் சுவரில் கைட்டினுக்குப் பதில் முக்கியமாகச் செல்லுலோஸ்! மரபணுவை ஆராய்ந்தால் கடலில் மிதக்கும் பழுப்புப் பாசிகளுக்குச் சொந்தக்காரர்கள் என்று தெரிகிறது. பூஞ்சை வேடம் போட்ட வேற்று இனம். பாசியின் பழக்கம் ஒன்று இன்னும் விட்டுப்போகவில்லை, நீந்தும். இலைமேல் மழைநீர் படலமாக நின்றால் போதும், இரண்டு வால் முளைத்த நுண்ணிய வித்துகள் அதில் நீந்திப்போய் இலைத்துளைக்குள் நுழையும். ஏலக்காய்க் கொத்துகள் தரையை ஒட்டியே படர்வதால், மழைத்துளி தெறித்தாலே அவற்றுக்குப் படகு கிடைத்த மாதிரி. மழைக்கு முன் கவாத்து செய்து வெளிச்சமும் காற்றும் உள்ளே விடுவது, இலையும் மண்ணும் சீக்கிரம் காயட்டும் என்பதற்காகவும்தான்.

நீல மருந்தின் கதை பிரான்சில் தொடங்குகிறது. 1870-களின் கடைசியில் அடிச்சாம்பல் நோய் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்து சேர்ந்து தோட்டங்களை மொட்டையடித்தது. 1882-இல் போர்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்லார்டே ஒரு கிராமத்துச் சாலையில் போகும்போது, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருப்பதைக் கண்டார். வழிப்போக்கர்கள் திருடித் தின்னாமல் இருக்க, விஷம் அடித்ததுபோலத் தெரியட்டும் என்று தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அந்தக் கொடிகளில் தெளித்திருந்தார்கள். திருடனுக்கு வைத்த பூச்சாண்டி நோயை விரட்டியிருக்கிறது! மில்லார்டே சோதனை செய்து 1885-இல் வெளியிட்டார். இன்றும் 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். கலவை சரியா என்று பார்க்க ஓர் இரும்புக் கத்தியை முக்குவார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கரைசலில் தனியாக மிஞ்சியிருக்கும் தாமிரத்தை இரும்பு வெளியே தள்ளிவிடுகிறது. வேதியியல் பாடத்தில் வரும் இடப்பெயர்ச்சி வினைதான் இது. மயில்துத்தம் நஞ்சு. நீங்கள் பார்க்கலாம், தொடக் கூடாது.

அதே 1885-இல் ஜெர்மனியில் ஆல்பர்ட் பெர்னார்ட் பிராங்க் என்பவர் பூஞ்சை என்றாலே மரத்துக்குப் பகை என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான ஒன்றைச் சொன்னார். மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த ஒரு காளானைப் பயிர் செய்ய முடியுமா என்று ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. காளான் சாகுபடி கைகூடவில்லை. ஆனால் மர வேர்களின் நுனியைப் பூஞ்சை இழைகள் போர்த்தியிருப்பதையும், அந்த மரங்கள் நோய்ப்படாமல் செழித்திருப்பதையும் கண்டார். பூஞ்சை மரத்துக்கு உணவு தேடித் தருகிறது என்றார். அப்போது நம்ப ஆள் இல்லை. இன்று தெரியும்: நிலத்தில் வாழும் செடிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வேரில் இப்படி ஒரு பூஞ்சைக் கூட்டாளி உண்டு. ஸ்காட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளின் புதைபடிவங்களிலேயே அது இருக்கிறது. நம் புளி, தென்னை, திராட்சை, ஏலம் எல்லாவற்றின் வேருக்குள்ளும் நுழைந்து வாழ்வது வேர் உட்பூசணம் என்ற வகை. இது காளானே விடாது, அதனால் யார் கண்ணிலும் படாது. வேர் எட்டாத இடுக்கிலிருந்து மணிச்சத்தை எடுத்துக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். விவசாயிகள் இதை உயிர் உரமாக வாங்கி நாற்றுக்கு இடுகிறார்கள்.

மரங்கள் இந்தப் பூஞ்சை இழைகள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டி மரத்துக்குச் சோறு ஊட்டுகிறது என்று வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். கனடாவில் சூசன் சிமார்டு 1997-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த பேச்சு அது. ஒரு மரத்தின் கார்பன் இன்னொரு மரத்துக்குப் போகிறது என்று அவர் காட்டினார். ஆனால் எவ்வளவு போகிறது, அது பூஞ்சை வழியாகத்தானா, அதனால் அந்த மரத்துக்குப் பயன் உண்டா என்பதற்கெல்லாம் காட்டில் கிடைத்த சான்று போதாது என்று 2023-இல் மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். பிடித்திருப்பதால் உண்மையாகிவிடாது, அவ்வளவுதான்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. கடையில் சிப்பிக்காளான் வாங்கினால் ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். காட்டிலும் புற்றிலும் முளைத்ததைத் தொட வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். நஞ்சுக் காளானுக்கும் நல்ல காளானுக்கும் வித்தியாசம் பெரியவர்களுக்கே தவறிவிடும். காம்பை நறுக்கிவிட்டு, மடிப்பு மடிப்பாக இருக்கும் அடிப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியால் வரைந்த கோலம் தாளில் விழுந்திருக்கும். ஒவ்வொரு கோடும் ஆயிரக்கணக்கான வித்துகள். வெள்ளைத் தாளில் செய்தால் ஒன்றும் தெரியாது, காளான் ஏமாற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கை அருகில் கொண்டுபோய் உறிஞ்சவும் வேண்டாம். சிலருக்குத் தும்மல் வந்துவிடும்.